ஒரு வரிக்கு மூன்று பேர்

“இந்தப் பக்கம் சாய்க்காதேன்னு எத்தனை தடவை...”

“நான் எங்க சாய்க்கிறேன், அதுவா சாயுது அண்ணி. நீங்கதான் மேல இருந்து...”

“நான் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அதுவா சாய அதுக்கென்ன தூக்கமா வருது?”

“என் உதட்டுக்கும் இந்தத் தூணுக்கும் நடுவுல ஒரு விரல்கடைதான் இருக்கு. உதடு வீங்கிப்போச்சுன்னா குழலை யார் ஊதுவா, நீங்களா?”

“நீ ஊதலைன்னாலும் பேசாம இருக்கப் போறதில்ல. கச்சேரி அது பாட்டுக்கு நடக்கும்.”

நூலகத்தின் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஹார்ப் சிக்கி நின்றது. ஆள் உயரத்தையும் தாண்டிய வாத்தியம். துணியுறை போர்த்தியிருந்ததால், மூன்று பேர் சேர்ந்து யாரோ ஒரு பெரிய மனுஷியைப் படியேற்றிக்கொண்டு வருவது போல இருந்தது. மேல்படியில் நின்றவள் அந்த ஹார்ப்பை வாசிப்பவள். கீழ்ப்படியில் அவளுடைய நாத்தனார், வெள்ளிக் குழல் வாசிப்பவள். இருவருக்கும் நடுவே, வாத்தியத்தின் அடிப்பாகத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு வேன்காரர். ஹார்ப் என்ற சொல் அவருக்குச் சரிப்படவில்லை. “யாழ்னு நல்ல பேர் இருக்கறப்ப எதுக்கு இருமற மாதிரி ஒரு பேர்?” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் அதை வாசிப்பவள் அவருக்கு யாழம்மா ஆகிப்போனாள். பிறகு வீட்டிலும் அதே பேர் நிலைத்துவிட்டது. நாம் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது?

“ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா, செய்யறேன்,” என்றார் வேன்காரர். “ஆளுக்கொண்ணு சொன்னா எந்தப் பக்கம் திரும்பறது? எனக்கு இருக்கறது ஒரே ஒரு இடுப்பு.”

படிகளின் அடியில், முதுகில் பெரிய வயலின் போன்ற செல்லோவைப் பெட்டியோடு மாட்டிக்கொண்டு, யாழம்மாவின் கணவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி எங்கோ காட்டினார்.

“அந்த...” என்றார்.

“தண்ணியா அண்ணா? என் பையில இருக்கு, எடுத்துக்கோங்க,” என்றாள் நாத்தனார்.

“கால் வலிக்குதா? நாற்காலி போடச் சொல்லட்டுமா?” என்றாள் யாழம்மா.

“அந்த... அ...”

“மாத்திரையா?”

“மாத்திரை வேன்லயே கொடுத்தாச்சு, நீ சும்மா இரு. என்னங்க, கண்ணாடியா? கோட்டுப் பையில பாருங்க. உள் பையில.”

“கோட்டைத்தான் கேக்கறார் அண்ணி, குளிருதுபோல.”

“கோட்டைப் போட்டுக்கிட்டுதானே நிக்கிறார்!”

அவர் மனைவியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தூக்கிய கையை மெல்லக் கீழே போட்டுவிட்டு, பெட்டியோடு திரும்பி வாசல் பக்கம் நடந்து போனார்.

“பாருங்க, கோவிச்சுக்கிட்டுப் போறார். உங்களாலதான்.”

“என்னாலயா? நீ மாத்திரைன்னு ஆரம்பிச்ச...”

“அம்மா, இடுப்பு,” என்றார் வேன்காரர்.

போன வருஷம் வரைக்கும் இந்த இரண்டு வாய்களுக்கும் நடுவே யாழம்மாவின் கணவர்தான் தடுப்புச் சுவர். மேடையில் நடுவில் செல்லோ, இடப்பக்கம் மனைவியின் ஹார்ப், வலப்பக்கம் தங்கையின் குழல். நாத்தனார் சாப்பிட வரும் நாட்களில் மேசையிலும் அதே வரிசைதான். அண்ணியும் நாத்தனாரும் குரலுக்குக் குரல் ஏறிக்கொண்டே போவார்கள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு வார்த்தை சொல்வார், இரண்டு பக்கமும் அடங்கிவிடும். ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் சொல்வார்: “ரெண்டு பேரும் நல்லா வாசிச்சீங்க. ரெண்டு பேரும் என்னை முடிக்க விடல.” இரண்டு பேரும் ஒரே மூச்சில் மறுப்பார்கள். அதுவும் கச்சேரியில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு ஒரு காலையில், வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தவரின் வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல மடியில் விழுந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரி, படுக்கை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடை. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பேச்சுதான் வர மனசில்லாமல் வந்தது. வார்த்தைகள் எல்லாம் உள்ளேதான் இருந்தன. கூட்டத்தில் பின்வரிசையில் மாட்டிக்கொண்ட ஆள் ஒவ்வொருவரிடமும் வழி கேட்டுக்கொண்டு முன்னால் வருவது போல வந்து சேர்ந்தன. வந்து சேரும் முன்னால் மனைவியும் தங்கையும் ஆளுக்கொரு வார்த்தையை எடுத்து அவர் வாயில் வைத்துவிடுவார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் நயமாகத்தான் சொன்னாள்: “அவர் தேடட்டும். நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. கொஞ்சம் காத்திருங்க, அது போதும்.” இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும், “கேட்டியா, உனக்குத்தான் சொன்னாங்க,” என்றாள் யாழம்மா. “உங்க முகத்தைப் பார்த்துதான் அண்ணி சொன்னாங்க,” என்றாள் நாத்தனார்.

இந்தக் கச்சேரி அவரே ஆசைப்பட்டுக் கேட்டது. நூலகத்திலிருந்து அழைப்பு வந்திருந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில், “வாசி...” என்று தொடங்கினார். வாசல், வாசம், வாசலைச் சாத்தணுமா என்று எல்லாம் கேட்டாகிவிட்டது. அவர் தலையை அசைத்து அசைத்து, தட்டில் இருந்தது காய்ந்து போன பிறகு முடித்தார்: “வாசிக்கணும்.” நாத்தனார் எழுந்து அண்ணனின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். யாழம்மா மட்டும் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த மனிதரை அவளுக்குத் தெரியும். ஒரு தடவை சைக்கிளிலிருந்து விழுந்தார், அவ்வளவுதான், அந்தச் சைக்கிள் துருப்பிடித்துப் போகும் வரை திரும்பித் தொடவில்லை. இவ்வளவு பாடுபட்டு எழுந்தவர், நாலு பேர் முன்னால் வில் வழுக்கி நின்றுவிட்டால்? செல்லோ அன்றைக்கே பெட்டிக்குள் போய்விடும். அதற்குப் பின்னால் அவரும் ஒரு பெட்டிக்குள் போனது போலத்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

பயந்த இடம் எது என்பதும் அவளுக்குத் தெரியும். வாசிக்கப்போவது மூன்று பகுதி உள்ள பாட்டு. நடுப்பகுதி நிதானமானது. அதில் ஹார்ப்பும் குழலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நின்றுவிடும். சின்ன மௌனம். பிறகு செல்லோ மட்டும் தனியாக ஒரு நீண்ட வரியைச் சொல்லும். ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது சில நாள் அந்த வரி தேனாக வரும். சில நாள் பாதியில் வில் நழுவி, கதவுக் கீல் போலக் கிறீச்சிடும்.

அதனால் யாழம்மா ஒரு காரியம் செய்தாள். யாருக்கும் சொல்லவில்லை. அவர் காலை நடைக்குப் போகும் நேரத்தில், செல்லோவின் அந்த வரியை ஹார்ப்பின் அடித்தந்திகளில் இடது கையால் வாசித்துப் பழகினாள். அதற்குத் தோதாக, தந்திகளின் சுருதியை மாற்றும் காலடி மிதிகளை எப்போது மாற்றுவது, எப்போது திருப்பி வைப்பது எல்லாம் கணக்குப் பண்ணி வைத்தாள். அவர் திணறினால் எதையும் கவனிக்காதது போல இவள் எடுத்துக்கொள்வாள். கேட்பவர்களுக்கு இதுதான் பாட்டு என்று தோன்றும். அவர் விழுவதற்கு முன்னால் கீழே ஒரு மெத்தை.

ஒருவழியாக ஹார்ப் மேலே வந்து சேர்ந்தபோது மூன்று பேருக்கும் மூச்சு இரைத்தது. கூடத்தில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. சாயங்கால வெயில் உயரமான ஜன்னல்கள் வழியாக விழுந்து, மர மேடையில் சாய்சதுரம் சாய்சதுரமாகக் கிடந்தது. அதில் ஒன்றின் நடுவே, செல்லோவை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்திக்கொண்டு, ஏற்கெனவே சுருதி சேர்த்து முடித்தவர் போல அவர் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க எப்படி மேல வந்தீங்க?” என்றாள் யாழம்மா.

அவர் வாயைத் திறந்தார்.

“நீங்க ஹார்ப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு என்னைத் திட்டிட்டு இருந்தப்ப ஓரமா ஏறிப் போயிருப்பார்,” என்றாள் நாத்தனார்.

“அந்த இடுக்குல எலி கூட ஏறாதே.”

“இளைச்சுப் போயிட்டார் அண்ணி. நீங்க எங்க கவனிக்கிறீங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார். உதட்டோரத்தில் ஏதோ ஒன்று துடித்து அடங்கியது. யாழம்மா அதைப் பார்த்தாள். ஆனால் அத்தனை தந்திகளுக்கும் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கூடம் நிறைந்தது. குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு தாய், கடையைப் பூட்டிவிட்டு அப்படியே வந்தவர்கள் சிலர், பத்திரிகை படிக்க வந்து கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்ட ஒரு தாத்தா. நூலகர் அம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கினார். பின்சுவரில் சாய்ந்துகொண்டு வேன்காரர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பகுதியை நாத்தனார் குழலை லேசாகத் தூக்கி, அந்தச் சைகையில் தொடங்கி வைத்தாள். முன்பெல்லாம் தொடங்கி வைப்பது அவர் மூக்குதான். வில்லைத் தந்தியில் வைக்கும் முன்னால் மூக்கால் சர்ரென்று ஒரு மூச்சு உறிஞ்சுவார், அதுதான் மூன்று பேருக்கும் அடையாளம். ஒலிப்பதிவுகளில் கூட அது விழுந்துவிடும். “இவருக்கு எந்நேரமும் ஜலதோஷமா?” என்று ஒரு ஒலிப்பதிவாளர் கேட்டே விட்டார். நோய்க்குப் பிறகு அந்த மூச்சு நின்றுபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சகிக்க முடியாத பழக்கம் என்று தான் எத்தனையோ தடவை கடிந்துகொண்டது யாழம்மாவுக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

முதல் பகுதி தேறிவிட்டது. இரண்டு இடத்தில் செல்லோ கொஞ்சம் பின்தங்கியது, குழல் அதன் கையைப் பிடித்துக்கொண்டது போல நிதானப்பட்டது. யாழம்மா மனசுக்குள், பரவாயில்லை, வாயாடிக்குக் காது நன்றாக இருக்கிறது, என்று நினைத்துக்கொண்டாள்.

நடுப்பகுதி. கேள்வி வந்தது. ஹார்ப் தந்திகளை விட்டு அவள் விரல்கள் எழுந்தன, குழல் தன் கடைசிச் சுரத்தை நீட்டி நிறுத்தியது. மௌனம்.

அவர் வில்லைத் தூக்கினார். வில் தந்திக்கு மேலே, தொடாமல், காற்றில் நின்றது. வழக்கமான மௌனத்தின் நீளம் முடிந்தது. வில் நின்றது. குழந்தை ஏதோ முனகியது. வில் நின்றது. அவருடைய மணிக்கட்டில் ஒரு நடுக்கம் ஓடுவதை யாழம்மா பார்த்தாள், அல்லது பார்த்ததாக நினைத்தாள். அவ்வளவுதான். கால் மிதியை அமுக்கியது, இடது கை அடித்தந்திக்குப் போனது, செல்லோவின் வரியை எடுத்தாள்.

எடுத்த அதே கணத்தில், இல்லை, அரைக்கணம் தள்ளி, வலப்பக்கத்திலிருந்து அதே வரி புறப்பட்டது. குழலின் அடிக்குரலில், காற்றும் சுரமும் கலந்து. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு அண்ணனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இரண்டும் அவர் தலைக்கு மேல் முட்டிக்கொண்டன. இவள் நிறுத்தி அவளுக்கு விட்டாள், அதே நேரம் அவள் நிறுத்தி இவளுக்கு விட்டாள். பிறகு இரண்டு பேரும் மறுபடி ஒன்றாகத் தொடங்கினார்கள். நெருக்கமான படிக்கட்டில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வது போல இருந்தது. நாலு சுரம், ஐந்து சுரம். பிறகு இருவரும் நின்றார்கள். முகத்தில் ரத்தம் ஏறி யாழம்மாவின் காது சுட்டது. முடிந்தது, என்று நினைத்தாள். வில் நழுவினால் என்ன ஆவது என்று பயந்து பயந்து, கடைசியில் நாங்களே இழுத்துக் கீழே தள்ளிவிட்டோம்.

கணவரின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள்.

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. வில் இன்னும் அதே இடத்தில் காற்றில் நின்றது. கை நடுங்கவில்லை. பேருந்துக்கு நிற்பவர் போல, அது வரும் என்று தெரிந்தவர் போல, பொறுமையாகக் காத்திருந்தார். நடைக்குப் போன காலைகளில் அவர் எத்தனை தடவை சீக்கிரம் திரும்பி வந்து, கதவுக்கு வெளியே நின்று, தன்னுடைய வரியை ஹார்ப்பில் கேட்டிருப்பார்? யாழம்மாவுக்கு அது இப்போதுதான் உறைத்தது. அவர் திணறவே இல்லை. தன் மூச்சு வந்து சேரும் வரைக்கும் அந்த மௌனத்தை வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பாட்டின் நடுவே முப்பது தாள வட்டம் சும்மா இருக்கச் சொன்னால் முப்பதையும் எண்ணி, விரல் அசையாமல் இருக்கத் தெரிந்தவள் அவள். மேடையில் அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சாப்பாட்டு மேசையில்தான் ஒன்றுக்கு மேல் எண்ண வந்ததில்லை.

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஓரக்கண்ணில், நாத்தனாரும் குழலை இறக்கி மடியில் வைப்பது தெரிந்தது.

கூடம் அசையவில்லை. பத்திரிகைத் தாத்தா முன்னால் சாய்ந்தார். ஜன்னல் வெயில் கணவரின் முழங்காலிலிருந்து செல்லோவின் விளிம்புக்கு ஏறியிருந்தது. பிறகு, சர்ரென்று, கடைசி வரிசை வரை கேட்கும்படி, மூக்கால் ஒரு மூச்சு.

வில் தந்தியைத் தொட்டது.

முன்பு வாசித்த மாதிரி இல்லை அது. முன்பு அவர் அந்த வரியை அழகாக, மடிப்புக் கலையாமல் வாசிப்பார். இப்போது ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. இதுதானா, ஆமாம், இதுதான், என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து வைப்பது போல. பாதியில் ஒரு இடத்தில் வில் நழுவிக் கிறீச்சிட்டது. யாழம்மாவின் விரல்கள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அவர் நிறுத்தினார். அந்தச் சுரத்தை மறுபடி எடுத்தார். தொடர்ந்து போனார். எவ்வளவு நேரம் ஆனதோ, வரி முடிந்தது. அவளுடைய முறை வந்தபோது, மிதியைத் திருப்பி வைத்திருக்கிறோமா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, கண்ணில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

மூன்றாவது பகுதியும் முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, ஜனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்ட நேரத்தில், பக்கத்து அறையில் அண்ணியும் நாத்தனாரும் ஒருவரிடம் ஒருவர் மாட்டிக்கொண்டார்கள்.

“நீ எதுக்கு வாசிச்சே?”

“நீங்க எதுக்கு வாசிச்சீங்க?”

“எனக்கு அவர் மேல நம்பிக்கை இல்லன்னு நினைக்காதே. ஒரு துணைக்குத்தான்...”

“நானும்தான் அண்ணி. ஒரு மாசமா, எங்க வீட்டுக்கு அவர் வந்தப்ப கூட, பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு...”

“ஒரு மாசமா? நான் ரெண்டு மாசமா!” என்றாள் யாழம்மா. ஏதோ ஜெயித்துவிட்டது போல வந்த தன் குரலைத் தானே கேட்டு, நிறுத்தினாள். நாத்தனார் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு மூக்கில் ஏறி, கண்ணில் இறங்கியது. அண்ணியின் முந்தானையை எடுத்தே துடைத்துக்கொண்டாள். “பாத்ரூமுக்குள்ள இருந்தா கேக்காதுன்னு நினைச்சியா? குழாய் சத்தத்துல குழல் வாசிக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்,” என்று யாழம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஹார்ப் மறுபடி உறைக்குள் போனது. மறுபடி மாடிப்படியின் உச்சி. வேன்காரர் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்புக்கு ஆறுதல் சொல்வது போலத் தட்டிக்கொடுத்தார்.

“இறங்கறப்ப நான் மேல நிக்கிறேன் அண்ணி, நீங்க கீழ...”

“கீழ நின்னா மொத்தப் பாரமும் என் மேலதான் வரும், ஏன், என்னைத் தீர்த்துக்கட்டவா?”

“அந்த...”

செல்லோப் பெட்டியோடு அவர் பின்னால் வந்து நின்றிருந்தார். இடது கை தூக்கியிருந்தது, சாயங்காலம் படியடியில் நின்றபோது தூக்கியது போலவே.

யாழம்மாவின் நாக்கு நுனியில் கோட்டு வந்து நின்றது. மாத்திரை வந்து நின்றது. நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் வாயைத் திறந்துவிட்டிருந்தாள். அண்ணியின் கண்ணைப் பார்த்ததும், இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்து, குழலூதும் அந்த உதடுகளைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். யாழம்மா ஹார்ப்பின் தோளில் கையை வைத்தாள். உறைக்குள்ளே ஏதோ ஒரு தந்தி அவள் கையின் அழுத்தத்துக்கு மெல்ல முனகி அடங்கியது.

“அந்த...” என்றார் அவர்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. கூடத்துக்குள் யாரோ நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கண்கள் எங்கேயோ உள்ளே, பின்வரிசையில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. வேன்காரர் கூட இடுப்பைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

சர்ரென்று ஒரு மூச்சு.

“அந்தப் பக்கம்... பின்னால... புத்தகம் ஏத்தற லிஃப்ட்... பெருசா... இருக்கு. நான்... அதுலதான் வந்தேன்.”